ஜூலையில் கட்ட வேண்டிய பணம்

கல்லூரிக் கட்டணத்துக்குக் கெடு ஜூலையிலோ ஆகஸ்டிலோ வந்துவிடும். அரசு தரும் உதவி கல்லூரிக்கோ மாணவர் கணக்குக்கோ வந்து சேர பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். சில ஆண்டுகளில் அதையும் தாண்டும். இடைப்பட்ட ஏழெட்டு மாதத்தை யார் தாங்குவது என்பதை நான் படித்த எந்த அரசாணையும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதைத் தாங்கியவை அம்மாவின் தோடும், மூன்று வட்டிக் கடனும், அப்பாவின் தறியும்தான்.

எங்களுக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பா முதலில் கைத்தறியில் நெய்தார், பிறகு விசைத்தறிக்குக் கூலிக்குப் போனார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து ராட்டையில் தார் சுற்றுவாள். நூல் விலை ஏறினால் தறி நிற்கும். மழை பிடித்துக்கொண்டாலும் நிற்கும். தறி நின்ற நாளில் கூலி கிடையாது. மாதச் சம்பளம் என்ற ஒன்று எங்கள் தெருவில் இரண்டே வீட்டுக்குத்தான் வந்தது. நானும் தம்பியும் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. பிளஸ் டூ வரை செலவு பெரிதாகத் தெரியவில்லை. சீருடை, பாடநூல், பஸ் பாஸ் எல்லாம் தானாக வந்தன. கல்லூரி என்றதும்தான் எல்லாவற்றையும் நாங்களே தேடிப் போக வேண்டியதாயிற்று.

நான் பிளஸ் டூ முடித்தது 2010-இல். அந்தக் கல்வியாண்டில்தான் கலைஞர் அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகையைக் கொண்டுவந்தது. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று அத்தனை பேரின் படிப்பையும் படிவத்தில் எழுத வேண்டும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் இடம் வாங்கினால், தனியார் கல்லூரியிலும் கல்விக் கட்டணத்தில் 20,000 ரூபாயை அரசு ஏற்றுக்கொள்ளும். செய்தியை டீக்கடையில் பேப்பரில் பார்த்த அப்பா அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் பரம்பரையில் பட்டதாரியே இல்லை என்பது அதுவரை ஒரு குறையாக மட்டுமே இருந்தது. அது ஒரு தகுதியும் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தத் திட்டத்தை நான் இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். என்னைப் போல எத்தனையோ பெண்களைப் பொறியியல் வகுப்பில் உட்கார வைத்த திட்டம் அது. நான் சொல்ல வந்தது, திட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடந்த தூரத்தைப் பற்றி.

சான்றிதழுக்கு முதலில் வி.ஏ.ஓ., பிறகு ஆர்.ஐ., பிறகு தாலுகா ஆபீசில் துணை வட்டாட்சியர் என்று மூன்று படி. இப்போது இ-சேவை மையத்தில் உட்கார்ந்து கணினியில் பதிந்துவிடுகிறார்கள். அப்போது எல்லாம் காகிதம். வி.ஏ.ஓ. இருக்கும் நாளில் ஆர்.ஐ. முகாமுக்குப் போயிருப்பார். ஆர்.ஐ. கையெழுத்து விழுந்த நாளில் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். திட்டமே புதிது என்பதால், அந்தப் படிவம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அங்கே இருந்தவர்களுக்கே குழப்பம். ஒருவர் கூட்டு உறுதிமொழி வேண்டும் என்பார், அடுத்தவர் அது தேவையில்லை என்பார். ஒவ்வொரு அலைச்சலுக்கும் அப்பாவுக்கு ஒருநாள் கூலி போனது.

எங்களைக் கரை சேர்த்தவர் ஒன்றிய அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ஐயா’தான். மாலையில் அவர் வீட்டுத் திண்ணையில் யாராவது மனுவோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர் அப்பாவிடம் முதலில் சொன்னது இதுதான்: “தம்பி, வரிசை தப்பக் கூடாது. மொதல்ல வருமானம், பெறகு சாதி, பெறகு இருப்பிடம். இது மூணும் கையில இருந்தாத்தான் மொதப் பட்டதாரிக்குப் போகணும். எதைக் குடுத்தாலும் ஒரு ஜெராக்ஸ் நம்ம கைல இருக்கணும்.” எந்த அலுவலகச் சுவரிலும் எழுதி ஒட்டாத விவரம் இது. ஐயா எங்கள் தெருவில் இல்லாமல் வேறு தெருவில் இருந்திருந்தால் நான் எந்தக் கல்லூரிக்குப் போயிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

வருமானச் சான்றிதழ் தனிக் கதை. வி.ஏ.ஓ. நல்ல மனிதர். “வருசத்துக்கு எவ்வளவுண்ணே போடட்டும்?” என்று கேட்டார். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. “தறி ஓடுனா உண்டு சார், ஓடலன்னா இல்ல. நீங்களே பாத்துப் போடுங்க” என்றார். 48,000 என்று எழுதினார்கள். மூன்று ஆண்டு கழித்துத் தம்பிக்குக் கல்விக்கடன் கேட்டுப் போனபோது, வங்கி மேலாளர் அதே மாதிரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “வருசத்துக்கு அம்பதாயிரம்கூட இல்லாதவரு எப்படிங்க கடன் அடைப்பீங்க?” என்று கேட்டார். அரசுக்கு அப்பா இல்லாதவர் என்று காட்ட வேண்டும், வங்கிக்கு அவர் அடைக்கக் கூடியவர் என்று காட்ட வேண்டும். ஒரே மனிதர், ஒரே காகிதம். இரண்டு வாசலிலும் இரண்டு விதமாக நிற்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்?

கலந்தாய்வு அப்போது சென்னையில், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் நடந்தது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் எனக்கும் கூட வரும் ஒருவருக்கும் பாதிக் கட்டணம். இரவு முழுக்கப் பயணம் செய்து கோயம்பேட்டில் இறங்கி, அங்கிருந்து கிண்டிக்குப் போனோம். வாசலில் இருந்தே கல்லூரிக்காரர்கள் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெரிய திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் குறையும். எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று அப்பா பக்கத்தில் நின்ற இன்னொரு அப்பாவிடம் கேட்டார். அவர் எங்களிடம் அதையே கேட்க வந்தவர். விடுதிக் கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்ட ஒரு கல்லூரியை நான் தேர்ந்தெடுத்தேன். பதினேழு வயதுப் பிள்ளை நாலு ஆண்டுப் படிப்பைச் சில நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டியிருந்த இடம் அது. இப்போது 2018 முதல் இணைய வழியில் நடக்கிறது, அலைச்சல் இல்லை. ஆனால் கட்டணத்தைத் தவிர அந்தக் கல்லூரி வேறு என்னென்ன வாங்கும் என்பதை அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் பிள்ளைகளுக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

சலுகை எப்படிக் கைக்கு வரும் என்பது கல்லூரி அலுவலகத்தில் முதல் நாளே தெரிந்துவிட்டது. முதல் பட்டதாரிச் சான்றிதழை அப்பா நீட்டினார். கவுன்டரில் இருந்தவர் அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, “இப்ப முழுசாக் கட்டிருங்க. கவர்மென்ட்ல இருந்து வந்ததும் உங்களுக்குத் திருப்பித் தருவோம்” என்றார். சலுகை என்றால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் பின்னால் நீண்ட வரிசை. கையில் ஒதுக்கீட்டு ஆணை. சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா வாதாடவில்லை. ஊருக்குத் திரும்பி 20,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்து கட்டினார்.

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 20,000-க்கு மாதம் 600. மார்ச் வரை எட்டு மாதத்துக்கு 4,800. அரசு எனக்காகக் கொடுத்த 20,000-இல் ஏறத்தாழ கால் பங்கு, யாருக்கும் தெரியாமல், எங்கள் ஊர் வட்டிக்காரருக்குப் போனது. அதன் பிறகும் பணம் கைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்வதாகக் கல்லூரி சொல்லிவிட்டது. வாங்கிய அசலை அம்மாவின் தோட்டை வைத்துத்தான் அடைத்தோம். இந்தச் செலவு எந்தப் பட்ஜெட் அறிக்கையிலும் வராது. உதவித்தொகை கொடுத்த கணக்கு மட்டும்தான் வரும்.

விடுதியில் என் அறைத்தோழி பட்டியல் இனத்துப் பெண், திருச்சுழிப் பக்கத்துக்காரி. அவள் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் இன மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை நெடுங்காலமாக உண்டு. 2012 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை 92, தனியார் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று சொன்னது. அதற்குப் பெற்றோருக்கு வருமான வரம்பு உண்டு. பிறகு அது இரண்டரை லட்சம் ஆனது. எவ்வளவு பெரிய ஆணை! ஆனால் செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது அறிவிப்புப் பலகையில் ‘கட்டண நிலுவை’ என்று ஒட்டும் பட்டியலில் அவள் பெயர் இருக்கும். ஹால் டிக்கெட் கொடுக்க மாட்டார்கள். அரசிடமிருந்து வர வேண்டிய பணத்துக்கு அவள் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, ஒரு கடிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு ஹால் டிக்கெட்டைக் கொடுப்பார்கள். மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்த அந்த நாட்களை அவள் நின்றே கழித்தாள். வகுப்பில் எல்லோரும் பார்க்க ஒரு பெண்ணின் பெயரையும் சாதியையும் அந்தப் பட்டியல் சேர்த்துச் சொன்னது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கொடுக்க வேண்டியது அரசு, கொடுக்காத குற்றம் பிள்ளையின் தலையில்.

சித்தி வீட்டில் நடந்தது வேறு மாதிரி. சித்தி மகள் பிளஸ் டூவோடு நின்று, ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்தாள். யாரிடமும் ஒரு ரூபாய் கேட்காமல் தன் சம்பளத்தில் படித்தாள். பிறகு அவள் தம்பி பொறியியல் சேரும்போது, குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருப்பதால் சலுகை இல்லை என்றார்கள். விதி அப்படித்தான். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஆனால் தன்னுடைய பி.ஏ.வால் தம்பிக்கு நஷ்டம் வந்துவிட்டதே என்று அந்தப் பெண் அழுததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் ஒன்றிரண்டு வீடுகளில், ‘அக்கா இப்ப டிகிரி முடிக்க வேண்டாம், தம்பி சேந்த பெறகு பரீட்சை எழுதட்டும்’ என்று பேசியதையும் கேட்டிருக்கிறேன். எந்த வீட்டிலும் தள்ளிப்போடச் சொன்னது பெண்ணின் படிப்பைத்தான்.

தம்பி 2013-இல் மெக்கானிக்கல் சேர்ந்தான். முதல் பட்டதாரிச் சலுகையை நான் வாங்கிவிட்டதால் அவனுக்கு அது கிடையாது. கல்விக்கடன் ஒன்றே வழி.

இந்தக் கடனுக்கு இந்திய வங்கிகள் சங்கம் 2001-இலேயே ஒரு மாதிரித் திட்டம் வகுத்திருந்தது. நாலு லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீன் வேண்டாம், நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கும் வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த காலத்தில் ஊர் ஊராக முகாம் போட்டுக் கல்விக்கடன் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து மாவட்டமான சிவகங்கை அவருடைய தொகுதி என்பதால் அந்தப் பேச்சு எங்கள் ஊர் வரை கேட்டது. ‘படிச்சா பேங்க்ல குடுப்பாங்க’ என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி வாங்குவது என்பது யாருக்கும் தெரியாது.

அப்பா துவைத்த வெள்ளை வேட்டி, சட்டையோடு வங்கிக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேலாளர் உட்காரச் சொல்லவில்லை, அப்பாவும் உட்காரவில்லை. “உங்க பேர்ல ஏதாச்சும் டெபாசிட் இருக்கா?” என்று முதலில் கேட்டார். இல்லை. “வீட்டுப் பத்திரம்?” வீடு தாத்தா பெயரில், பாகம் பிரிக்காதது. “உங்க தெரு எங்க சர்வீஸ் ஏரியாவுல வராது, அந்த பேங்குக்குப் போங்க.” அந்த வங்கியில் போனால் “உங்க அக்கவுன்ட் அங்கதான இருக்கு, அங்கேயே கேளுங்க.” திரும்பி வந்தால் “மேனேஜர் லீவு.” பிறகு “போனாபைடு வாங்கிட்டு வாங்க, ஃபீஸ் எவ்வளவுன்னு காலேஜ் லெட்டர் வேணும், மத்த பேங்க்ல கடன் இல்லைன்னு நோ டியூ வேணும்.” ஒவ்வொரு வங்கியிலும் போய் நோ டியூ கேட்டால், அங்கே அதற்குக் கட்டணம். எல்லாம் சேர்த்துக் கொண்டுபோன நாளில் “இந்த வருச டார்கெட் முடிஞ்சிருச்சு” என்றார். கடைசி வரை விண்ணப்பத்தை அவர் கையில் வாங்கவே இல்லை. எல்லா மறுப்பும் வாய்மொழிதான்.

திரும்பி நடந்து வரும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. பேருந்து நிறுத்தத்தில், “அவரு குடுக்க மாட்டேன்னு சொல்லிருந்தா வேற வழி பாத்திருக்கலாம், தாயி. நாளைக்கு வா, நாளைக்கு வான்னே மாசத்த ஓட்டிட்டாரு” என்றார்.

அந்த மேலாளர் மீது எனக்கு இன்று பகை இல்லை. கிளையில் கடன் வேலை பார்க்க அவர் ஒருவர்தான். முந்தைய ஆண்டுகளில் கொடுத்த கடன்களில் பல வராமல் நின்றிருந்தன. பொறியியல் முடித்த பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவில்லை, வேலை கிடைத்தவர்களுக்குச் சம்பளம் போதவில்லை. வராக்கடனுக்கு அவர்தான் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அச்சத்தை அவர் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும், எங்கள் மீது இறக்கியிருக்கக் கூடாது.

மறுபடியும் ஐயா. கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, “விண்ணப்பம் குடுத்ததுக்கு ரசீது இருக்கா?” என்பதுதான். இல்லை என்றதும் கார்பன் வைத்து ஒரு கடிதம் எழுதினார். விண்ணப்பம், அத்தனை நகல்கள், இந்த நாளில் நேரில் வந்தோம், இதைச் சொன்னீர்கள் என்ற விவரம் எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பச் சொன்னார். அந்த மாதிரித் திட்டத்திலேயே, கல்விக்கடன் விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தாமாக நிராகரிக்க முடியாது, அடுத்த மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று இருக்கிறது. ஐயாவுக்கு அது தெரிந்திருந்தது. கடிதத்தின் நகலை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு அனுப்பினோம். திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு நகலைக் கொடுத்தோம். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள் வங்கியிலிருந்தே போன் வந்தது. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், ஆண்டுக்கு அறுபதாயிரமாக.

ஆனால் அதற்குள் அக்டோபர் ஆகிவிட்டது. முதல் ஆண்டுக் கட்டணத்தை அம்மாவின் மகளிர் குழுக் கடனும் வட்டிப் பணமும் சேர்த்து ஆகஸ்டிலேயே கட்டிவிட்டோம். வங்கியோ பணத்தை எங்கள் கையில் தராது, கல்லூரி பெயருக்கு டி.டி.யாகத்தான் எடுக்கும். ஆக, கல்லூரிக்கு இரண்டு முறை பணம் போனது, மகளிர் குழுவுக்குத் தவணை கட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. கூடுதலாகக் கட்டியதைத் திருப்பி வாங்கத் தம்பி கல்லூரி அலுவலகத்துக்கு நடந்தான். வங்கி தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இப்படி ஒரு வீட்டை இரட்டைக் கடனில் தள்ளுகிறது என்பதை, அந்த டி.டி.யில் கையெழுத்துப் போடுபவர் யாரும் பார்ப்பதில்லை.

கடனுக்கு வட்டி மானியமும் உண்டு. 2009-10 முதல் நடந்த மத்திய அரசுத் திட்டம் அது. அப்போதைய விதிப்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்தியோ அதுவரைக்கும் ஆன வட்டியை அரசே கட்டும். தம்பி முதல் ஆண்டே வருமானச் சான்றிதழைக் கொடுத்துவிட்டான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த வட்டியைக் கேட்டுப் பதிய வேண்டியது வங்கிக் கிளை. இரண்டு ஆண்டு பதியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அலுவலர் மாறிப் போயிருந்தார். படிப்பு முடிந்து கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தபோது, வர வேண்டிய மானியத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வராமல், கடனோடு கூடியிருந்தது. கேட்டதற்கு, அந்த ஆண்டுகளுக்கான பதிவு மூடிவிட்டது என்றார்கள். தவறு கிளையில், தொகை எங்கள் தலையில். ஶ்ரீபெரும்புதூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 12,000 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தவன், மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் தவணை கட்டினான். வாடகையும் சாப்பாடும் போக வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. தவணை தவறினால் அப்பா பெயரில் கடிதம் வரும். கடிதம் வந்த நாளெல்லாம் அப்பா தறியில் கூடுதல் நேரம் நின்றார்.

இப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சேர்க்கை நேரத்தில் விண்ணப்பத்தோடு வரும் அப்பா அம்மாக்களைப் பார்க்கிறேன். காகிதம் கணினியாகியிருக்கிறது, சிக்கலும் அதோடு உருமாறியிருக்கிறது. மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால்; இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் நிற்கும். உதவித்தொகை இப்போது மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. ஆனால் ஆதாரோடு எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதோ அதில்தான் விழும். பள்ளிக்காலத்தில் திறந்து மறந்துபோன கணக்கு ஒன்றுக்குப் பணம் போயிருக்கும், பிள்ளை வேறு கணக்கைப் பார்த்துக்கொண்டு வரவில்லை என்று அழும். வங்கியில் அதைச் சரிசெய்ய எங்கே கேட்பது என்று எங்கள் பேராசிரியர்கள் பலருக்கே தெரியாது.

மாறி வரும் நல்லதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. இதில் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்தப் பள்ளியில் படித்தாள் என்ற விவரம் அரசிடமே இருக்கிறது, கல்லூரியே பதிவு செய்துவிடுகிறது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-இல் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. என் வகுப்பில் அப்படி வந்த பெண்ணிடம், சேர்க்கைக்கு வீட்டில் எவ்வளவு கடன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். “கடனா? எதுக்கு மேடம்?” என்றாள். அந்தப் பதிலுக்காக எத்தனை வேலையும் செய்யலாம். பிள்ளை அரசைத் தேடிப் போகாமல், அரசு பிள்ளையைத் தேடி வந்தால் இப்படித்தான் இருக்கும். முடியும் என்று இந்தத் திட்டங்களே காட்டிவிட்ட பிறகு, மற்ற உதவிகளுக்கு மட்டும் ஏன் வீடு அலைய வேண்டும்?

கடன் பக்கத்தில் அந்த அளவு நகரவில்லை. 2015-இல் வித்யா லட்சுமி இணையதளம் வந்தது. ஒரே விண்ணப்பத்தைப் பல வங்கிகளுக்கு அனுப்பலாம், பதில் எழுத்தில் வரும் என்பது பெரிய நன்மை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி, ஈடோ ஜாமீனோ இல்லாமல் கடன் தருகிறது. ஆனால் தரவரிசையில் முன்னால் நிற்கும் நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்ந்தவர்களுக்கு மட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் சேரும் கல்லூரிகள் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. கடன் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குப் பழைய வாசல்தான் மிச்சம்.

அரசிடம் நான் கேட்பது தேதியைத்தான். தொகையைக் கூட்டாவிட்டாலும், ஆகஸ்டில் கட்டும் கட்டணத்துக்கு ஆகஸ்டிலேயே பணம் வரட்டும். அது முடியாத ஆண்டில், உதவிக்குத் தகுதியுள்ள பிள்ளையிடம் முன்பணம் வாங்கவோ ஹால் டிக்கெட்டை நிறுத்தவோ எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை என்று ஆணையிட்டு, மீறினால் தண்டியுங்கள். ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் மே, ஜூன் மாதங்களில் ஐயாவைப் போல ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள்.

படிக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் சேர்க்கைக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போங்கள். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கச் சொல்லுங்கள். வங்கியில் விண்ணப்பம் கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம், மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அந்த அப்பாவுக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நீங்களும் கூடப் போய் நில்லுங்கள்.